மானும் மரையும்

பீல்
19.08.2018

அன்புள்ள தில்லை அண்ணைக்கு,

தம்பி இராஜேந்திரன் எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். படி ஏறும்போது உங்கள் முழங்கால் இன்னும் நோகிறதா, அண்ணி பிரஷர் குளிசையை ஒழுங்காக எடுக்கிறாவா என்று இந்திரா கேட்கச் சொன்னாள்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் "எழுத்திலை அனுப்பு, பாத்துச் சொல்லுறன்" என்றுதான் சொல்வீர்கள். மொழிபெயர்ப்பாளருக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். அதனால் நேரே எழுத்துக்கே வந்துவிட்டேன்.

மகள் தனுஷியா வேட்டைப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள். மிருக வைத்தியரிடம் வேலை முடிந்து வந்து இரண்டு வருடம் படித்தாள். எந்தப் பறவைக்கு எந்தச் செட்டை, எந்த மாதத்தில் எதைச் சுடலாம், சுட்டபின் எப்படி உரிப்பது, எல்லாம் பாடம். "ஆட்டிறைச்சி வெட்டச் சொன்னால் மூக்கைப் பொத்துறவள், இப்ப மான் உரிக்கப் படிக்கிறாளாம்" என்று தாய்க்காரி சிரிக்கிறாள். இந்தக் குளிர்காலம் முதன்முதலாகத் தாரா வாத்து சுடப் போகிறாள். ஏரியின் மேற்குப் பக்கத்து நாணல் சதுப்பில். என்னையும் வரச் சொல்கிறாள்.

எனக்குப் போக விருப்பம் அண்ணை. பிள்ளை இங்கே பிறந்தவள், பதினெட்டு வயதிலேயே சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்துவிட்டாள். தேர்தல் வந்தால் அவள் வாக்குப் போடுவாள்; அந்த உறையைத் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வருவது நான். அவள் தானாக "அப்பா, வாங்கோ" என்று கூப்பிடும் இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன.

ஆனால் உங்களுக்குத் தெரியும், என் குடியுரிமை விண்ணப்பம் கெமைண்டேயில், நகரசபையில், கிடக்கிறது. தை மாதம் நேர்முகம். இருபத்தேழு வருடம் காத்திருந்து வந்து சேர்ந்த இடம். ஒரு துவக்குக்குப் பக்கத்தில் நின்றேன் என்பதற்காக அது போய்விடக்கூடாது. நான் போகலாமா? துவக்குப் பையைத் தூக்கலாமா? அதே நாட்களில் மான் சுடுகிறவர்களும் ரைபிளோடு அந்தக் காட்டுக்குள் நிற்பார்களாம். எந்த நாள் நல்லது? நீங்கள் சொல்லாமல் நான் கால் வைக்கமாட்டேன்.

அன்புத் தம்பி,
இராஜேந்திரன்

*

ஷ்லீரன்
30.08.2018

அன்புள்ள தம்பி இராஜேந்திரனுக்கு,

உமது பத்தொன்பதாந் திகதிய கடிதம் இருபத்தோராந் திகதி கிடைத்தது. என் முழங்கால் படிகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்துள்ளது. ஏறும்போது மட்டும் முறையிடுகிறது. ஞானேஸ்வரி குளிசைகளை எடுக்கிறாள். எடுக்காத நாட்களில் எடுத்ததாகச் சொல்கிறாள். இந்திராவினதும் மகளினதும் நலத்தை இருவரும் விசாரித்ததாகச் சொல்லும்.

மகளின் பரீட்சைச் சித்தி மகிழ்ச்சிக்குரியது. நீர் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

இந்நாட்டின் ஆயுத ஒழுங்குவிதி சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் எடுத்துச்செல்வதையும் தடைசெய்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. உமது சி வதிவிட அட்டையோ நீர் இங்கு வாழ்ந்த ஆண்டுகளோ அத்தடையை நீக்கமாட்டா. விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு. ஆயினும், நேர்முகத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது அப்படி விண்ணப்பிப்பது, துவக்கு என்ற சொல்லை உமது கோப்புக்குள் நீரே கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். அதனை நான் ஆலோசனையாகக் கூறேன்.

ஆகவே, நீர் போகலாம், நிற்கலாம், பார்க்கலாம். தொடக்கூடாது. பையையும் தூக்கவேண்டாம். பைக்குள் என்ன இருந்தது என்றுதான் சட்டம் கேட்கும். பை எவ்வளவு பாரம் என்று கேட்காது.

நாள் குறிப்பதற்கு இவ்வருடப் பருவ அட்டவணை வேண்டும். மகளிடமுள்ள ஜெர்மன் மூலத்தின் பிரதியை அனுப்பும். வாய்மொழியாகக் கேட்ட திகதிகளை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.

நலம் நாடும்,
வ. தில்லைநாதன்

*

பீல்
23.09.2018

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகும்போது காது விறைக்கிறது. மற்றப்படி சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.

"தொடக்கூடாது" என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். தனுஷியா கேட்டாள்: "பெரியப்பா என்னையாவது தொடலாமோ எண்டு கேளுங்கோ."

அட்டவணையின் பிரதி இதனுடன் இருக்கிறது. கூடவே வேட்டை அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்கு வந்த ஒரு சுற்றறிக்கையும். அந்தச் சதுப்பை ஒட்டிய காட்டைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார்கள். அவள் வேலை, குதிரைக்குப் பிரசவம் என்று ஓடித் திரிகிறாள். "பெரியப்பா பாத்தால் சரிதானே" என்கிறாள். நானும் அதுதான் சொன்னேன்.

இன்னொன்று. அவள் என்னைக் கூப்பிடுவது சும்மா பார்க்க அல்ல. போன மாதம் ஏரிக்கரையில் நடக்கும்போது விளையாட்டாக இரண்டு கையையும் பொத்தி வாயில் வைத்துத் தாரா மாதிரிக் கத்திக் காட்டினேன். பூநகரியில் வயலுக்குள் நின்று கத்துவோமே, அதே கத்தல். தண்ணீரில் இருந்த நான்கு தாரா தலையைத் திருப்பிக்கொண்டு வந்தன. பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இங்கே ஆட்கள் கடையில் விசில் வாங்கி ஊதுகிறார்களாம். "அப்பா, உங்கடை வாய்க்குப் பற்றரியும் தேவையில்லை" என்கிறாள்.

வாயால் கத்துவது ஆயுதத்துக்குள் வருமோ அண்ணை? பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

இந்திராவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமை மட்டும் தாராவை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது.

அன்புத் தம்பி,
இராஜேந்திரன்

*

ஷ்லீரன்
08.10.2018

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உமது காதுகளுக்குக் கம்பளித் தொப்பியொன்றை ஞானேஸ்வரி பின்னுகிறாள். முடிவதற்குள் வசந்தம் வரலாம்.

வாயினால் எழுப்பும் ஓசை பற்றிய உமது வினாவை மூன்று நாட்கள் ஆராய்ந்தேன். ஒலிப்பதிவுக் கருவி, மின்சாதனம் என்பன குறித்து ஏற்பாடுகள் உள்ளன. மனித வாய் எந்த ஏற்பாட்டிலும் குறிப்பிடப்படவில்லை. சுடுபவர் உரிமம் பெற்றவராக இருக்கும்வரை, பக்கத்தில் நிற்பவர் தாராவைப்போலக் கத்துவது சட்டத்தின் கண்ணில் வெறும் கத்தல்தான். நீர் கத்தலாம்.

அட்டவணையைத் தமிழில் பெயர்த்து இணைத்துள்ளேன். அதன் சாரம்: தாராவுக்கான காலம் ஜனவரி இறுதிவரை திறந்திருக்கும். மானுக்கான காலம் நவம்பர் பதினைந்துடன் முடியும். சுற்றறிக்கையையும் வாசித்தேன். அந்தக் காட்டில் குறித்த தொகை எட்டப்படும்வரை சிவப்பு மானைச் சுடலாம் என்கிறது. திகதி எதுவும் தரவில்லை. அட்டவணையோ மான் காலம் பதினைந்துடன் முடியும் என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. சிவப்பு மானும் மானே. மானுக்கான காலம் முடிந்தபின் சிவப்பு மானுக்கென வேறு காலம் இருக்க முடியாது. ஆகவே அச்சுற்றறிக்கையை அட்டவணைக்கு உட்பட்டதாகவே வாசிக்கவேண்டும்.

நவம்பர் இருபத்துநான்கு, சனிக்கிழமை பொருத்தமானது. அன்று காட்டில் ரைபிள் இராது. மான் வேட்டைக் காலத்தில் அணியும் செம்மஞ்சள் மேலாடையும் வேண்டியதில்லை. தாரா நிறம் பார்க்கும் பறவையென்று அறிகிறேன். மண்ணிற உடுப்பே நன்று.

இந்த மொழிபெயர்ப்பின் சரிநுட்பத்துக்கு நான் பொறுப்பு.

வ. தில்லைநாதன்

*

பீல்
11.11.2018

அன்புள்ள அண்ணைக்கு,

தொப்பி கிடைத்தது. அண்ணிக்கு நன்றி சொல்லுங்கள். காது இரண்டும் சேர்ந்து கும்பிடுகின்றன.

எல்லாம் தயார். மோசர் என்ற கிழவர் ஒருவர் தன் நாயோடு வருகிறார். விழுந்த தாராவைத் தண்ணீருக்குள் போய்க் கவ்விவர நாய் இல்லாமல் சுட முடியாதாம். மண்ணிறச் சட்டை எனக்கு இல்லை. பழைய தொழிற்சாலை மேலங்கி இருக்கிறது, அதுவே சேற்று நிறம். உங்கள் தமிழ் அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தனுஷியா பார்த்துவிட்டு, "ஜெர்மனை விட இதுதான் வடிவு" என்றாள்.

அண்ணை, நீங்களும் வாருங்களேன். சனிக்கிழமைதானே. பீல் ஸ்டேஷனுக்கு நான் வந்து கூட்டிப்போவேன். சும்மா கரையில் கதிரை போட்டு இருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வெளிக்கிட்டு எங்கேயாவது போய் எத்தனை வருடம்.

அன்புத் தம்பி,
இராஜேந்திரன்

*

ஷ்லீரன்
16.11.2018

அன்புள்ள தம்பிக்கு,

அழைப்புக்கு நன்றி. அன்று ஒரு விவாகப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பைக் கையளிக்க வேண்டியுள்ளது. முழங்காலும் சேற்றுக்கு உகந்ததல்ல. மேலும், உமது விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது உமக்கு ஆலோசனை சொன்னவரே அந்த இடத்தில் நிற்பது முறையாகத் தோன்றவில்லை.

மூன்று காரணங்கள் எழுதிவிட்டேன். ஒன்று போதுமாயிருந்திருக்கும்.

சென்று வந்து எழுதும். இந்திராவுக்கும் மகளுக்கும் அன்பு.

வ. தில்லைநாதன்

*

பீல்
28.11.2018

அன்புள்ள பெரியப்பா,

நான் தனுஷியா. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ். பிழை இருந்தால் மன்னியுங்கள். பெரியம்மாவும் நீங்களும் சுகம்தானே? அப்பாவுக்குக் காயம் இல்லை. அதை முதலில் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னா. அப்பா எழுதமாட்டன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

காலையில் எல்லாம் நல்லாக இருந்தது. அப்பா நாணலுக்குள் குந்தியிருந்து கத்தினார். இரண்டு தரம் சுற்றிவிட்டு தாராக்கள் எங்களிடம் வந்தன. நான் ஒன்றைச் சுட்டேன். நாய் கொண்டுவந்தது. மோசர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நாற்பது வருடம் விசில் ஊதினேன், என்னிடம் ஒன்றும் இப்படி வரவில்லை" என்றார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை.

மோசர் நாயோடு முதலில் காருக்குப் போய்விட்டார். நாங்கள் காட்டு வழியால் வந்தோம். ஒரு வாய்க்கால். பரீட்சையில் படிப்பித்தது: தாண்டுவதற்கு முன் துவக்கைத் திற, தோட்டாவை எடு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடு. நான் திறந்தேன், எடுத்தேன், நீட்டினேன். அப்பா பின்னுக்குப் போய், "பெரியப்பா சொன்னவர்" என்றார். நான் "அப்பா, வெறும் துவக்கு. ஒரு செக்கன்" என்றேன். வாங்கினார்.

நான் பாயும்போது வெடி கேட்டது. தாரா வெடி இல்லை. ரைபிள். எங்களுக்குப் பக்கத்து மரத்தில் பட்டை பறந்தது. அப்பா துவக்கோடு நிலத்தில் விழுந்து, என் காலைப் பிடித்து இழுத்து, "படு! படு பிள்ளை! தலையைத் தூக்காதை!" என்று கத்தினார். பெரியப்பா, நான் அந்தக் குரலை முன்னர் கேட்டதில்லை. ரைபிள்காரர் ஓடிவந்து, "ஏன் செம்மஞ்சள் போடவில்லை?" என்று எங்களைத் திட்டினார், பிறகு அழுதார். அவர் ஹிர்ஷ் சுட நின்றவர், நீங்கள் சிவப்பு மான் என்று எழுதிய மிருகம். அந்தக் காட்டில் ஹிர்ஷ் காலம் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

வனக்காவலர் வந்தபோதும் அப்பா துவக்கை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு எழும்பாமல் கிடந்தார். காவலர் குனிந்து கேட்டார்: "இது உங்களுடையதா?" எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொன்னார். காவலர் எழுதிக்கொண்டார்.

நேற்று பொலிஸிலிருந்து கடிதம் வந்தது. நடந்ததை அப்பா எழுத்தில் தர வேண்டும். டிசம்பர் கடைசிக்குள். அதன் ஒரு பிரதி கெமைண்டேக்கும் போகும்.

சுற்றறிக்கையை நான் வாசித்திருக்க வேண்டும். உரிமம் என்னுடையது. அதற்காக எனக்கு எச்சரிக்கை வந்தால் வரட்டும். ஆனால் அப்பா அந்த அட்டவணையைக் குளிர்பெட்டியிலிருந்து கழற்றவில்லை. கழற்றவா என்று கேட்டேன். "விடு, அண்ணையின்ரை கையெழுத்து" என்கிறார்.

அன்புடன்,
தனுஷியா

*

ஷ்லீரன்
03.12.2018

அன்புள்ள தம்பிக்கு,

மகளின் கடிதத்தை வாசித்தேன். உமக்குக் காயமில்லை என்பதை இரண்டு தடவை வாசித்தேன். தூக்கம் வருகிறதா என்று எழுதும். ஞானேஸ்வரி நேர்த்திக்கடன் வைத்திருப்பதாகச் சொல்கிறாள். எந்தக் கோயிலுக்கு என்று சொல்லவில்லை.

பொலிஸாருக்கான வாக்குமூலத்தின் வரைவை இணைத்துள்ளேன். புறப்பட்ட நேரம், சென்ற வழி, வெடி கேட்ட இடம், மரத்தில் பட்ட உயரம் எல்லாம் உள்ளன. ஆயுதம் யார் கையில் இருந்தது என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. தன்னையே குற்றப்படுத்திக்கொள்ள எவரும் கடப்பாடுடையவரல்லர், மௌனம் பொய்யாகாது. காவலர் கண்டதை அவர்களே நிரூபிக்கட்டும். துவக்கு என்ற சொல் உமது கையொப்பத்துக்கு மேலே வரக்கூடாது.

கையொப்பமிட்டு எனக்கு அனுப்பும். அட்டவணை தொடர்பாகப் பின்னர் எழுதுகிறேன்.

வ. தில்லைநாதன்

*

பீல்
12.12.2018

அண்ணைக்கு,

சுகம். தூக்கம் பரவாயில்லை.

வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து வைக்கவில்லை. ஜெர்மன் நல்ல ஜெர்மன். பிழை அதில் இல்லை.

நான் பிடித்தேன் அண்ணை. வெறும் துவக்கு, திறந்த துவக்கு, பிள்ளை வாய்க்கால் தாண்ட ஒரு செக்கன். அதைச் சொன்னால் அவர்களுக்கு விளங்கலாம், விளங்காமலும் போகலாம். சொல்லாமல் விட்டு, காவலர் எழுதியது ஒன்று, நான் எழுதியது ஒன்று என்று இருந்தால், பிறகு நான் என்ன சொன்னாலும் பொய்தான். அந்தக் கதிரையில் நான் ஒரு தரம் இருந்தவன். எதிரே இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தவன்.

மற்றது, கோபிக்காதீர்கள். அட்டவணையில் உள்ள ரே என்றால் மான். சுற்றறிக்கையில் உள்ள ஹிர்ஷ் மான் இல்லை, அது மரை. உருவம் மாடு மாதிரி. வன்னியில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும், மான் வேறை, மரை வேறை என்று சொல்லும். ஒரு சொல் என்னைக் கேட்டிருந்தால் போதும். நீங்கள் யாழ்ப்பாணம் ரவுண் ஆள், உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் நீங்கள் கேட்பதில்லை. அப்பவும் கேட்கேல்லை.

இராஜேந்திரன்

*

ஷ்லீரன்
20.12.2018

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை இம்முறை பின்னுக்கு வைக்கிறேன்.

நான் பிழை விட்டேன். அட்டவணையின் ரே என்பதை மான் என்றேன். சுற்றறிக்கையின் ஹிர்ஷ் என்பதையும் மான் என்றேன். இரண்டு சொற்களை ஒரு சொல்லாக்கிவிட்டு, அந்த ஒரு சொல்லை வைத்து வாதம் செய்தேன். வாதம் சரி, சொல் பிழை. அதை நம்பிச் சேற்று நிற மேலங்கியோடு ரைபிளுக்கு முன்னால் போனவர்கள் நீரும் உமது மகளும். மகளின் கடிதம் வந்த அன்றே இதை அறிந்தேன். அறிந்தபின்னும் "பின்னர் எழுதுகிறேன்" என்று எழுதினேன்.

"அப்பவும் கேட்கேல்லை" என்ற உமது வரிக்கும் இன்று பதில் தரவேண்டும்.

உமது 1991ஆம் ஆண்டு அகதி விண்ணப்பத்துக்கு நான் எழுதிய வாக்குமூலத்தின் கைப்பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. அதன் மூன்றாம் பக்கத்தில் நீர் சொல்ல நான் எழுதிய வசனம்: "வயலில் விழும் தாராக்களைக் கலைக்க எங்கள் வீட்டில் ஓர் இடியன் துவக்கு இருந்தது." மருந்து இடித்துச் சுடும் பழைய வேட்டைத் துவக்கு. அந்த வசனத்தின் மேல் என் பேனாவின் கோடு இருக்கிறது. உம்மைக் கேளாமல் வெட்டினேன். துவக்கு என்ற சொல் ஓர் அகதியின் தாளில் இருக்கக்கூடாது என்று எண்ணினேன். நேர்முகத்தில், ஆயுதம் இருந்ததா என்று கேட்டார்கள். நீர் உண்மையைச் சொன்னீர். உமது வாயும் என் தாளும் முரண்பட்டன. அவர்கள் நம்பாதது உம்மை; நம்பத்தகாததாயிருந்தது என் தாள்.

நிராகரித்தார்கள். பதினைந்து ஆண்டு எல்லை தாண்ட முடியாத எஃப் அட்டையோடு இருந்தீர். சமாதான காலத்தில் எல்லோரும் ஊருக்குப் போய்வந்தார்கள். நானும் இருமுறை போனேன். பூநகரிக்குப் போய் உமது அம்மாவை, என் சின்னம்மாவைக் கண்டேன். "அவன் ஏன் வரேல்லை?" என்று கேட்டா. "விதிமுறை, சின்னம்மா" என்றேன். யாருடைய பேனா என்று சொல்லவில்லை. உமக்குப் பயணம் செய்யக்கூடிய அட்டை கிடைத்தபோது போர் மீண்டும் தொடங்கி, ஊருக்கான பாதை பூட்டியாயிற்று. 2009இல் சின்னம்மா போய்விட்டா. அன்று உமக்கு எழுதிய அனுதாபக் கடிதத்தில் இலக்கணப் பிழைகூட இல்லை. நான் வெட்டிய வசனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

புதிய வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது. துவக்கு அதில் நான்கு இடங்களில் வருகிறது: திறந்த நிலையில், தோட்டாவின்றி, உமது மகள் நீட்ட, உமது கையில். வாசித்துப் பாரும். ஒரு சொல்லேனும் நீர் சொன்னதல்ல என்றால் வெட்டும். இம்முறை பேனா உம்முடையது. கூடவே என் பெயரில் ஒரு சத்தியக்கூற்று: திகதியைக் குறித்ததும், செம்மஞ்சள் வேண்டாமென்றதும், அதற்குக் காரணமான மொழிபெயர்ப்புப் பிழையும் என்னுடையவை. அதன் பிரதியை மொழிபெயர்ப்பாளர் பட்டியலை வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பியுள்ளேன்.

இதனால் உமது நேர்முகம் தவறக்கூடும். தவறாது என்று நான் எழுத மாட்டேன்.

நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டும்.

வ. தில்லைநாதன்

*

பீல்
08.09.2019

அன்புள்ள அண்ணைக்கு,

ஒன்பது மாதம் எழுதவில்லை. கையெழுத்து வைத்த தாளை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். எழுத இருந்தால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். இந்திரா அண்ணியோடு கதைப்பதால் உங்கள் சுகம் தெரியும். முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்து நல்லாக நடக்கிறீர்களாம். மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் இருந்து உங்கள் பெயரை நீங்களே எடுத்துவிட்டதாகவும் அண்ணி சொன்னா. அது தேவையில்லை என்று நான் சொல்வேன், நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

பொலிஸ் அலுவல் மாசியில் முடிந்தது. வழக்கு இல்லை என்று அரைப் பக்கக் கடிதம். பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. நேர்முகத்தைச் சித்திரைக்குத் தள்ளினார்கள். மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் இருந்தவர் வேட்டைக்காரர். கோப்பை விரித்து, உங்கள் சத்தியக்கூற்றை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "திரு இராஜேந்திரன், ரேக்கும் ஹிர்ஷுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் சொன்னேன்: "என்ரை அண்ணைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர் என்னை வாயால் தாரா மாதிரிக் கத்திக் காட்டச் சொன்னார். அலுவலகத்துக்குள் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

போன கிழமை சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வந்தது.

அண்ணை, நீங்கள் எழுதியதற்கு நான் ஒன்று எழுத வேண்டும். ஏன் வரவில்லை என்று அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், தொழிற்சாலையில் லீவு தரவில்லை என்றுதான் சொன்னேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. "தில்லை எழுதினால் பிழை வராது" என்று அவ எல்லாருக்கும் சொல்லித் திரிந்தவ. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. சாகும்வரை என் முதலாளியைத்தான் திட்டினா. அவர் நல்ல மனிசன் அண்ணை. அவருக்கு நான் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு போத்தல் வைன் கொடுக்கிறேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு உங்களில் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் அது இன்னொரு வெட்டு. கோடு விழுந்த அந்தத் தாளை எறிந்துவிடாமல் இருபத்தேழு வருடம் வைத்திருந்தீர்கள் என்று வாசித்த பிறகு அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்த வருடம் நவம்பர் இருபத்துமூன்று. ஹிர்ஷ் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பிள்ளை தானே மூன்று தரம் கேட்டு வைத்திருக்கிறாள். எதுவானாலும் காரிலிருந்து சதுப்பு வரைக்கும் எல்லாருக்கும் செம்மஞ்சள் என்று சொல்லிவிட்டாள். நான் இப்போது சட்டப்படி துவக்கைத் தொடலாம். ஆனால் தொடமாட்டேன், கத்துவதற்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும். அந்த வாய்க்கால் அங்கேயேதான் இருக்கிறது. பிள்ளை தாண்டும்போது துவக்கை வாங்கிப் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது. நீங்கள் முப்பது வருடமாகச் சுவிஸ் குடிமகன். உங்கள் அளவில் ஒரு செம்மஞ்சள் மேலாடை வாங்கிக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருக்கிறாள்.

காரணம் எழுதுவதென்றால் ஒன்று மட்டும் எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
இராஜேந்திரன்

*

ஷ்லீரன்
11.09.2019

தம்பி,

வாறன்.

தில்லை